பிறந்த ஊர்: மாயூரம்

பெட்டிக்குள் ஒரு பெட்டி என்றுதான் உலகநாதனுக்குப் பட்டது. புது மானிட்டரின் நடுவே ஒரு சின்னச் சதுரம், அந்தச் சதுரத்துக்குள் நீல வானமும் வெள்ளை மேகமும், மேகத்துக்கு நடுவில் விண்டோஸ் 95 என்ற எழுத்து. இருபத்தேழு வருஷம் தினமும் காலையில் பார்த்த மேகம்தான். போன வாரம் பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்தபோது அந்த மேகமும் போய்விட்டது என்று நினைத்திருந்தார். இன்று காலை சர்வீஸ் ஜெயசீலன் வந்து பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே உறிஞ்சிப் புது மிஷினுக்குள் ஊற்றிவிட்டுப் போயிருந்தான். "இது நெசமான கம்ப்யூட்டர் இல்ல சார். தான் இன்னும் அந்தப் பழைய பெட்டியிலதான் இருக்கோம்னு அதை நம்ப வச்சிருக்கு. வெளியில என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது, மங்கையின் மேஜைமேல் இருக்கும் பிரிண்டரிலேயே ஜாதகமும் வந்து விழும்படி செய்துவைத்தான். வெளியில் என்ன ஆச்சு என்று தெரியாமல் இருக்கக் கொடுத்துவைக்க வேண்டும். சித்திரை வெயில் மணிக்கூண்டுப் பக்கமிருந்து தெருவை நக்கிக்கொண்டே கடை வாசல்வரை வந்திருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. இரண்டு முழம் தள்ளித் தங்கை மங்கையர்க்கரசி ஒரு விதவைப் பென்ஷன் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். போன வருஷம் தபால் ஆபீஸ் வேலையை முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் அவள், ஜாதகம் அவர். ஒரே வீடு, ஒரே கடை. மாடியில் அவள், கீழே அவரும் சுலோச்சனாவும். ஒரு நாளில் இருபது வார்த்தை பேசிக்கொண்டால் அதிகம்.

"ஓடுதாண்ணே?" என்றாள் தலையைத் திருப்பாமல்.

"ஓடுது. டிஸ்க்கச் சரிபார்க்குது" என்றார். முன்னால் ஒழுங்காக நிறுத்தாததால் சரிபார்க்கிறேன் என்று அது நீலத் திரையில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. செத்துப்போனவனிடம் ஏன் ஒழுங்காகப் படுக்கவில்லை என்று கேட்கிற மாதிரி. மூன்று சதவீதம், நான்கு சதவீதம். காலையில் விமலாதேவி என்று ஒரு அம்மாள் வந்து மகளுடைய பிறந்த குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், நாலு மணிக்கு வருகிறேன் என்று. பெண் பிறந்தது ஷார்ஜாவில். "அந்த ஊரு நேரம் சார், நம்மூரு நேரமில்ல, பார்த்துப் போடுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். எல்லாரும்தான் சொல்கிறார்கள். எல்லாரும் அவருக்குப் பாடம் நடத்துகிறார்கள். செல்போனில் ஓசியில் ஜாதகம் வருகிற காலத்தில் இவரிடம் வருகிறவர்கள் வருவதே அந்தப் பழைய அச்சுக்காகத்தான். மஞ்சள் ஓரம், பிள்ளையார், கட்டம், கீழே நாற்பது பக்கப் பலன். அந்த மென்பொருளை விற்ற சென்னைக் கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. புது விண்டோஸில் அது ஏறாது. கெட்டியான பழைய பிடிவாதம். அவரைப் போல. கடைசியில் மேகம் கலைந்து பச்சையும் நீலமுமான மேஜைத்திரை வந்தது, அந்தப் பழைய இசைத் துணுக்கு வந்தது, மங்கை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். அவர் மென்பொருளைத் திறந்தார். பெயர், எண்டர். தேதி, எண்டர். நேரம், எண்டர். அப்புறம் வழக்கமாக மூன்று எண்டர், டக் டக் டக் என்று, விரல் தானாகவே தட்டும். ஆனால் இந்த உள்பெட்டியில் கீபோர்டு மந்தமாக இருந்தது. தட்டினால் ஒரு மூச்சு கழித்துத்தான் அசைந்தது. அதனால் அவர் எத்தனையோ வருஷமாக நின்று பார்க்காத ஒரு கட்டத்தில் திரை நின்றது. பிறந்த ஊர்: மாயூரம். கம்பெனிக்காரன் முதல்நாள் வந்தபோது போட்டுக்கொடுத்த ஊர். தட்டாமல் விட்டால் எல்லாரும் மாயவரத்தில் பிறந்தவர்கள்தான். அவர் அதை அழித்து ஷார்ஜா என்று போட்டு, தீர்க்கரேகை ஐம்பத்தைந்தே சொச்சம் என்று போட்டார். வெளிநாடு என்றால் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உள்நாடு என்றால் மூன்று எண்டர். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது? மெட்ராஸ் என்றாலும் ஒன்றுமில்லை. பெங்களூர் என்றால் கொஞ்சம் இருக்கும், எட்டு நிமிஷம், போனால் போகிறது. பம்பாய் என்றால். பம்பாய் என்று நினைப்பதற்கு முன்னாலேயே உள்ளங்கை வியர்த்துவிட்டது. மனசுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பம்பாய் என்றால் அவருக்கு ஃபினாயில் வாசனை. பைகுல்லாவில் ரயில்வே ஆஸ்பத்திரித் தாழ்வாரம், எட்டு வயசு, கால்சட்டைப் பையில் வேர்க்கடலை. அப்பா பரேல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார், எண்ணெய்க் கறை போகாத நகத்தோடு அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பங்குனி மாதம், ராத்திரி. ஜன்னலுக்கு வெளியே லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் பெஞ்சு அதிர்ந்தது. ஒரு நர்ஸ் வந்து "முல்கி" என்றாள். அவன் பள்ளிக்கூடத்தில் மராட்டி கற்றவன், அப்பாவுக்கு அவன்தான் சொன்னான், பொண்ணு அப்பா, தங்கச்சிப் பாப்பா. அப்பா சட்டென்று எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "டேய் உலகு, எட்டு இருபது, மனசுல வச்சுக்க" என்றார். பேனா இல்லை. வீட்டுக்குப் போகிறவரை அவன் எட்டு இருபது எட்டு இருபது என்று சொல்லிக்கொண்டே போனான், ரயிலின் தாளத்தில், படிக்கட்டின் தாளத்தில். அந்த நேரத்தை உலகத்தில் முதலில் சுமந்தவன் அவன். நேரத்தைச் சுமந்தவன் ஊரை எங்கே போட்டான்? ஊர் அவனைச் சுற்றித்தானே இருந்தது. இருக்கிற ஊரை யாராவது மனப்பாடம் செய்வார்களா?

மங்கை எழுந்து ஜெராக்ஸ் மிஷினுக்குப் போனாள். பச்சை வெளிச்சம் ஒரு தரம் அவள் முகத்தில் போய் வந்தது. ஐம்பது வயசு. காதோரம் நரை. அவள் பார்க்காத நேரத்தில் அவர் பார்த்தார், அவள் திரும்புவதற்குள் திரைக்கு வந்துவிட்டார். தொண்ணூற்றேழில் அவளுக்கு இருபத்து மூன்று. தலைமைத் தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் கவுண்டர். அதே ஆபீஸில் சீர்காழியிலிருந்து ரயிலில் வந்துபோன கனகசபை. காதல் என்று அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லே வீட்டில் கிடையாது. "அவங்க வீட்லேருந்து வந்து கேக்கணும்னு சொல்றாங்க" என்று மட்டும் சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாள். சாதி சரியாக இருந்தது, வேலை சரியாக இருந்தது, பையன் அம்மா மட்டும் ஜாதகம் பார்க்காமல் முடியாது என்றாள். அவ்வளவுதானே, நம்ம வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கே என்று அப்பா சொன்னார். அப்போது மிஷின் வந்து மூன்று மாதம். ஊரில் முதல் கம்ப்யூட்டர் ஜாதகம் உலகநாதனுடையது. ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கனகசபையும் ஒருநாள் வந்தான், செருப்பைக் கழற்றாமல். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மிஷின்ல போட்டாலும் ஜோசியம் ஜோசியந்தானே சார்" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. மாமனார் வீட்டுக்கு வரப்போகிறவன் மச்சானிடம் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் கூட நின்ற மங்கையும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இருபத்தேழு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அவள் புடவை என்ன நிறம் என்றுகூட அவரால் சொல்ல முடியும். மறுநாள் அச்சடித்தார். டாட் மேட்ரிக்ஸ் கிர்கிர் என்று வரிவரியாகத் துப்பியது. துலா லக்னம், மூன்று பாகை. ரிஷபத்தில் செவ்வாய். துலாமிலிருந்து ரிஷபம் எட்டு. பெண்ணுக்கு எட்டு என்றால் தாலியின் இடம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் ஊரில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் அதே தோஷமுள்ளவன்தான் எடுக்க வேண்டும், கனகசபைக்கு அது இல்லை. காகிதத்தைக் கிழித்துக் கையில் எடுத்தபோது அவருக்குள் ஒன்று இளகியது. அதை இத்தனை வருஷம் வருத்தம் என்றே வைத்திருந்தார். வருத்தம்தான், பாவம் தங்கச்சி என்றுதான் நினைத்தார். இல்லை. இப்போது இந்த வெயிலில், இந்த மந்தமான கீபோர்டுக்கு முன்னால், அது என்ன என்று தெரிகிறது. சந்தோஷம். சின்னது, புளியங்கொட்டை அளவு. சிரிச்சியே, பாரு இப்ப.

சந்தோஷப்பட்டவன் எதற்குத் திரும்பச் சரிபார்ப்பான்? கீழ ஆளவந்தச்சேரி ஜோசியர் ஒருத்தர் மட்டும், கைக்கணக்கும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்றார். அதற்கு அப்பா, "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாய்யா?" என்று கேட்டார். ஜோசியருக்குப் பயம் வந்துவிட்டது. பையன் வீட்டார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அதெல்லாம் சரி. அதெல்லாம் நடந்தது நடந்தபடி ஞாபகம் இருக்கிறது. ஒன்றுதான் இடம் மாறி மாறி நிற்கிறது. மங்கை கேட்டாள். கடைக்கு வந்து, இதே கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் பம்பாய்லதானே பொறந்தேன். அதை எங்க போடுவே?" என்று கேட்டாள். "அதெல்லாம் அதுக்கே தெரியும், நீ போ" என்றார் அவர். இது அச்சடிப்பதற்கு முன்னாலா, அடித்த பிறகா? பிறகு என்றால் பெரிய தப்பில்லை. காகிதம் போய்விட்டது, சொல்லி என்ன பயன், தெரியாமல் செய்தது. முன்னால் என்றால் அவள் பம்பாய் என்று சொல்லி, அவர் காதில் வாங்கி, அந்தக் கட்டத்தில் மாயூரம் என்று நிற்பதைக் கண்ணால் பார்த்து, எண்டர் தட்டியிருக்கிறார். முன்னால்தான் என்று நினைத்தால் அவள் கையில் டிபன் பாக்ஸ் இருக்கிறது, ஆபீஸுக்குப் போகிற வழி, காலை. பிறகு என்று நினைத்தால் டிபன் பாக்ஸ் இல்லை, அவள் கண் வீங்கியிருக்கிறது. இரண்டும் தெரிகிறது. இரண்டிலும் அவள் நிலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை கேட்டாளோ? ஒரு தடவை கேட்டதை அவர் மனசு இரண்டாக்கி, தனக்கு வேண்டியதை மேலே வைத்துக்கொண்டதோ? டிபன் பாக்ஸை அவரே பிற்பாடு நினைவில் கொண்டுபோய் அவள் கையில் வைத்ததாகக்கூட இருக்கலாம். இந்த உள்பெட்டிக்கு இருக்கிற ஒழுங்கு அவருக்கு இல்லை. அதில் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது. அது வெட்கப்பட்டு எதையும் இடம் மாற்றி வைக்காது.

அப்புறம் பதின்மூன்று வருஷம். செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம் தேடி அப்பா ஊர் ஊராக அலைந்தார். திருவாரூரில் ஒருத்தனுக்குப் பெண்டாட்டி செத்து இரண்டு குழந்தை. வேதாரண்யத்தில் ஒருத்தன் பெண் பார்க்க வந்த இடத்தில் தூங்கிவிட்டான். ஒவ்வொரு தடவையும் உலகநாதன்தான் அதே கோப்பைத் திறந்து அதே காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் மூன்று எண்டர்கூட வேண்டியிருக்கவில்லை, திறந்து அச்சடித்தால் போதும். பதினோரு காகிதமோ பன்னிரண்டோ. அவளுக்கு முப்பத்தாறு ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே, "இனிமே என் ஜாதகத்த யாருக்கும் குடுக்காதே அண்ணே" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார் என்பதும் ஞாபகம் இருக்கிறது. எதுவும் மறந்து தொலையவில்லை, மறக்க வேண்டியதெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ஒரு முன்னும் பின்னும் மட்டும் நழுவுகிறது.

ஷார்ஜாப் பெண்ணின் கட்டத்தை மூடிவிட்டார். பழைய கோப்புகளின் பட்டியலைத் திறந்தார். எதற்குத் திறக்கிறோம் என்று கேட்டுக்கொண்டேதான் திறந்தார். பதினோராயிரத்துச் சொச்சம் பேர், ஏறக்குறைய எல்லாரும் மாயவரத்தில் பிறந்தவர்கள். அவருக்கு வேண்டியது மேலேயே இருந்தது, நாற்பத்தொன்றாவது. மங்கையர்க்கரசி. மங்கை கட்டிங் பிளேடை இறக்கினாள், சரக் என்றது, அவர் முதுகு நிமிர்ந்தது. இந்தப் பக்கம் அவள் வந்தால் என்ன சொல்வது? சோதனை பண்ணுகிறேன், பழையதெல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்கிறேன். உண்மைதானே. பிறந்த ஊர்: மாயூரம். இருந்தது. சந்தேகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கையை விட்டது. மாயூரத்தை எழுத்து எழுத்தாக அழித்தார். பம்பாய் என்று அடித்தார். எழுபத்திரண்டு, ஐம்பத்தொன்று. எண்டர். உள்பெட்டி ஒரு மூச்சு யோசித்தது. கன்னி லக்னம், இருபத்தேழு பாகை. ரிஷபத்தில் செவ்வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. கன்னியிலிருந்து எண்ணினால் ஒன்பது. விரல் விட்டு எண்ணினார், திரும்ப எண்ணினார். ஒன்பது. தோஷம் இல்லை. ஒரு கட்டம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இருந்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்று அது. மிஷின்மேல்தான் நம்பிக்கை. எட்டில் இருந்தாலும் ஒன்பதில் இருந்தாலும் செவ்வாய் தன் பாட்டுக்கு வானத்தில் ஒரு மண் உருண்டை. அதற்கு மங்கையையும் தெரியாது, கனகசபையையும் தெரியாது. ஆனால் அந்தக் காபி டம்ளரைப் பாதியில் வைத்த அம்மாளுக்குச் செவ்வாய் தெரியும். ஒன்பது என்று காகிதத்தில் இருந்திருந்தால் மீதிக் காபியையும் குடித்திருப்பாள். ஒரு டம்ளர் காபி. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடு, மூடிவிடு, விமலாதேவி வந்துவிடுவாள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. விரல் போனது. கட்டம் சரியாக வந்ததும் விரல் எங்கே போகுமோ அங்கே, பதினோராயிரம் தடவை போன இடத்துக்குப் போனது. எஃப் செவன். அச்சு.

மங்கையின் மேஜையில் பிரிண்டர் முனகி விழித்துக்கொண்டது. அவர் எழுந்தார். நாற்காலிச் சக்கரம் ஒயரில் மாட்டியது. "அது எனக்கு, நானே எடுக்கிறேன்" என்றார். அதற்குள் அவள் முதல் தாளை எடுத்துவிட்டாள்.

"ஷார்ஜாப் பொண்ணா?" என்றவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தாளில் தன் பெயரைப் பார்த்தாள்.

இரண்டாம் தாள் வந்தது, மூன்றாம் தாள் வந்தது. அவள் அவற்றை எடுக்கவில்லை. ஒரு வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள், கட்டம் பார்க்கத் தெரியும். அவள் வலது கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஒன்பதாவது கணுவில் நின்றது.

"கன்னியா?" என்றாள்.

"ஊரு" என்றார். "பம்பாய் போட்டுப் பார்த்தேன். அன்னிக்கு மாயூரம்னு இருந்திருக்கு. அது தானா இருந்திருக்கு."

வாசலில் ஒருத்தர் ஆதார் அட்டையை நீட்டி, "முன்னும் பின்னும் ஒரு காப்பி" என்றார். மங்கை தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, அட்டையை வாங்கி, முன்பக்கம் எடுத்தாள், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எடுத்தாள், சில்லறை கொடுத்து அனுப்பினாள். உலகநாதன் நின்றுகொண்டே இருந்தார்.

"நான் வந்து கேட்டேனே அண்ணே" என்றாள். குரல் விண்ணப்பத்தில் விட்டுப்போன விவரத்தைக் கேட்கிற குரல் மாதிரிதான் இருந்தது. "அச்சடிக்கிறதுக்கு முந்தின நாள் வந்து கேட்டேன். அந்த எடத்துல மாயூரம்னு இருந்ததப் பார்த்தியா நீ?"

முந்தின நாள். அப்படியானால் டிபன் பாக்ஸ்தான். "இல்ல" என்றார் உடனே. "பார்க்கல மங்கை. சத்தியமாப் பார்க்கல. கை அதுபாட்டுக்குத் தட்டிட்டுப் போயிருச்சு. நான் அதை நெனைக்கவே இல்ல." சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது, மன்னிப்பு கிடைத்துவிட்ட மாதிரி. தெரியாமல் செய்தது. யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

அவள் தலையாட்டினாள். தெருவைப் பார்த்தாள். வெயிலில் ஒரு டவுன் பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

"பார்த்திருக்கலாம்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"பார்த்துட்டு, வேணும்னே செஞ்சிருக்கலாம் அண்ணே. கனகசபையப் புடிக்காம, என்னையப் புடிக்காம. அப்படின்னா, கெட்டதாவே இருக்கட்டும், ஒரு நிமிஷமாவது என்னையப் பத்தி நெனச்சிருப்பே."

அவர் வாயைத் திறந்தார். பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பார்த்தேன், தெரிந்துதான் தட்டினேன், நீ சிரித்தாய் அதனால் தட்டினேன். அது பொய்யாகவும் இருக்கலாம், இன்றைக்கு அவர் சொல்கிற ஒரே உண்மையாகவும் இருக்கலாம். எது என்று அவருக்கே தெரியவில்லை. மங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள். பென்ஷன் விண்ணப்பம் கணவர் இறந்த தேதி என்ற இடத்தில் நின்றிருந்தது. பக்கத்திலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக அடித்தாள்.